பாப்ச்சாவுக்கு எதுக்குத் தராசு

போலந்துல நாங்க இருக்குற பில்டிங்ல மூணாவது மாடி பாப்ச்சாவுக்கு (போலிஷ்ல பாட்டின்னு அர்த்தம்) வயசு எண்பதைத் தாண்டியாச்சு, இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட எதையும் நிறுத்துப் பார்த்து சமைச்சதில்ல. நேத்து அவங்க பேத்தி நிறுக்க வெச்சுட்டா. தராசு எங்க வீட்டுது. நான் மாட்டுனதுக்கு அது ஒண்ணுதான் காரணம்.

அந்தத் தராசு லாக்டவுன்ல ஊரே வீட்டுல ரொட்டி சுட்டப்ப என் வீட்டம்மாவும் சுடுறேன்னு வாங்கினது. ரொட்டி வந்த லட்சணத்துக்கு எங்க பாப்பா அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தா, அந்த போட்டோவுக்கு நீங்கதானே லைக் போட்டீங்க.

பேத்தி வார்சாவுல இருக்கா. பழைய போலிஷ் சமையலையெல்லாம் அழிஞ்சு போறதுக்குள்ள எழுதி வீடியோ எடுத்து நாலு பேருக்குச் சொல்லித் தரணும்னு அவளுக்கு ஒரு வெறி. நல்ல வெறிதான், ஆனா ஒவ்வொரு தடவையும் அடி எனக்கு விழுது. போன ஈஸ்டருக்கு முன்னாடி ஜூரெக் சூப்புக்குக் கோதுமை மாதிரி இருக்குற அந்த ரை தானிய மாவுல தண்ணி, பூண்டு, பிரிஞ்சி இலை எல்லாம் போட்டு ஜாடியில புளிக்க வெச்சாங்க, அது நாலஞ்சு நாள் புளிக்கணும், அவங்க வெச்ச இடம் ஹீட்டர் பக்கம். மூணாம் நாள் லிப்ட்ல ஒரு நோட்டீஸ். 'படிக்கட்டில் விசித்திரமான வாடை, சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.' பில்டிங்கே எங்க கதவைத்தான் பார்க்குது. அந்த வாரம் முழுக்க எங்க வீட்டுல தயிர்சாதம், நான் லிப்ட்ல ஏறினா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிறாங்க! இதே சனம் டிசம்பர்ல கதவுக்குக் கதவு முட்டைக்கோஸ் வேக வைக்கும், அப்ப ஒரு நோட்டீஸும் வராது. சரி, அதை விடுங்க.

நேத்து பியரோகி, நம்ம கொழுக்கட்டை மாதிரி. அந்த உருளைக்கிழங்கு போட்ட ரூஸ்கியே வகை. கீழ போனா கிச்சன் டேபிள் முழுக்க பெரிய மரப்பலகை, அவங்க அதை ஸ்டோல்நித்ஸான்னு சொல்லுவாங்க. அந்தப் பலகையைத் தொடக்கூடாது, அது எங்க பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும். 1946ல பாப்ச்சாவோட அம்மா இப்ப உக்ரைன்ல இருக்குற ல்வூஃப் ஊர்லேருந்து கூட்ஸ் வண்டியில அதைத் தூக்கிட்டு வந்தாங்களாம். போர் முடிஞ்சு எல்லை நகர்ந்து ல்வூஃப் சோவியத்துக்குப் போயிடுச்சு, நாங்க இருக்குற இந்த வ்ரோத்ஸ்வாஃப் அதுவரைக்கும் ஜெர்மன்காரங்க ஊர், அவங்களை அனுப்பிட்டு கிழக்கேருந்து வந்தவங்களை இங்க குடி வெச்சாங்க. இந்தப் பக்கம் ரூஸ்கியே பியரோகி இவ்வளவு பரவுனதுக்கே அந்த சனம்தான் காரணம்னு சொல்லுவாங்க. அப்ப பாப்ச்சா கைக்குழந்தை. ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு குழந்தை, ஒரு பலகை. எதை விட்டுட்டு வந்தாங்கன்னு பாப்ச்சா சொன்னதே இல்ல, பலகையைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் ஆகும்.

பேத்தி போனை என் கையில கொடுத்து ஆட்டாமப் பிடிங்கன்னுட்டா. பாப்ச்சா மாவை அள்ளுறாங்க, இவ குறுக்க பாய்ஞ்சு அந்தக் கையையே தராசுல வைக்கச் சொல்றா. கையோட சேர்த்து. பட்டுனு ஒரு அடி. சரின்னு அவ மாவுப் பாக்கெட்டையே முன்னாடி ஒரு தடவை நிறுத்துட்டு, முடிஞ்சதும் இன்னொரு தடவை நிறுத்துக் கழிச்சுக்கலாம்னு கணக்குப் போட்டா, படிச்ச பிள்ளையில்லையா. பாப்ச்சா பலகையில மிஞ்சுன மாவையெல்லாம் வழிச்சு மறுபடி பாக்கெட்லயே போட்டுட்டாங்க.

தண்ணி எவ்வளவு? மாவு கேக்குற அளவு. சூடு? கை பொறுக்குற சூடு. யார் கைன்னு கேட்டிருக்கணும், பேத்தி விரலை விட்டுட்டு அலறினது வீடியோவுல நல்லா விழுந்திருக்கு. உள்ள வைக்கிறதுக்கு முந்தின நாளே வேக வெச்ச உருளைக்கிழங்கு, நம்ம பன்னீரோட புளிச்ச தங்கச்சி ட்வாருக், பொன்னிறமா வதக்குன வெங்காயம், மிளகு மட்டும் தாராளமா. டம்ளரைக் கவுத்து வட்டம் வெட்டினாங்க, அந்த டம்ளர் வாயை அளக்க என் டேப்பு வந்துச்சு. கொதிக்கிற தண்ணியில போட்டு எவ்வளவு நேரம்னா, மிதந்து மேல வந்ததும் சர்ச்சுல சொல்ற பரலோக மந்திரம் ஒண்ணு சொல்லி முடிக்கிற நேரமாம். பேத்தி ஸ்டாப்வாட்ச் போட்டா. முதல் தடவைக்கும் அடுத்த தடவைக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம், ஏன்னா அதுக்குள்ள பாப்ச்சாவுக்குப் பசி வந்துடுச்சு, மந்திரம் எக்ஸ்பிரஸ்ல போச்சு.

எத்தனை பேருக்குன்னு போடட்டும்னு கேட்டதுக்கு 'யார் யார் வர்றாங்களோ அவங்களுக்கு'ன்னாங்க. பேத்தி பேனாவை மூடிட்டா.

வீட்டம்மாவுக்குன்னு ஒரு தட்டு தனியா வந்துச்சு, அவ சைவம்னு பாப்ச்சாவுக்கு நல்லாவே தெரியும். மேல பன்றிக் கொழுப்பு வறுவல், ஸ்க்வார்கி. நான் சுட்டிக் காட்டினேன். 'அது இறைச்சி இல்ல, சும்மா மேல தூவுறது.' அந்தத் தட்டை நான் சாப்பிட்டேன், வேற வழி?

விஷயம் இதோட முடிஞ்சிருக்கணும். சாயங்காலம் பாப்ச்சா மூக்குக்கண்ணாடி, நோட்டு, பென்சிலோட எங்க வீட்டுக்கு மேல ஏறி வந்துட்டாங்க. சளி பிடிச்சப்ப வீட்டம்மா கொடுத்த ரசம் வேணுமாம், அவங்களே வைக்கப் போறாங்களாம். உக்கார்ந்ததும் முதல் கேள்வி, 'புளி எத்தனை கிராம்?'

நானும் வீட்டம்மாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அவ 'ஒரு எலுமிச்சம்பழ அளவு'ன்னா. மிளகு? கொஞ்சம். எவ்வளவு கொதிக்கணும்? கொதிக்கவே கூடாது, நுரை கட்டினா இறக்கிடணும். பாப்ச்சா பென்சிலை வெச்சுட்டு, இப்படிச் சொன்னா மனுஷி எப்படிச் சமைக்கிறதுன்னு சத்தம் போடுறாங்க! காலையில பேத்தி கையில அடிச்ச அதே பாப்ச்சாதான்.

கடைசியா எலுமிச்சம்பழத்தை மட்டும் எழுதிக்கிட்டு, எங்க புளிப் பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போனாங்க. இங்க கடையில விக்கிற எலுமிச்சை ஸ்பெயின்லேருந்து வர்றது, நம்ம ஊர்ப் பழம் மூணைச் சேர்த்தா அந்த ஒண்ணு. அதை பக்கத்துல வெச்சுப் பார்த்து உருட்டியிருக்காங்க.

இன்னைக்கு மத்தியானம் கூப்பிட்டு ஒரு கிண்ணம் கொடுத்தாங்க. நாக்குல வெச்சதும் எனக்கு ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு. பாப்ச்சாவுக்கு அபாரமா பிடிச்சுப் போச்சு, ஜூரெக்கை விட நல்லா வந்திருக்காம், என்ன, உள்ள ஒண்ணும் இல்லாம வெறும் தண்ணியா இருந்துச்சேன்னு பாதியா வெட்டின அவிச்ச முட்டையும் வெள்ளை சாசேஜும் போட்டிருக்காங்க. மேல மார்ஜோரம்னு ஒரு வாசனை இலைத் தூவல். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

பேத்தி இப்ப அதையும் எழுதப் போறாளாம். சாசேஜ் ரசம் உங்க ஊர்ல எந்தப் பண்டிகைக்கு வைப்பீங்கன்னு மெசேஜ் பண்ணியிருக்கா, கூடவே புளி எத்தனை கிராம்னு. பாப்ச்சாகிட்டயே கேட்டுக்கச் சொல்லிட்டேன்.