ஒளித்துக் காயவைத்த துண்டு

அந்தரங்க இடத்தில் முளைத்த மரு வீட்டில் யாருக்காவது ஒட்டிவிடுமோ என்று பயந்து, மூன்று வாரம் என் வீட்டிலேயே நான் திருடன் மாதிரி நடமாடினேன். என் துண்டு யார் கண்ணிலும் படாமல் அலமாரிக்குப் பின்னால் காயும். சோப்பு தனி. கழிப்பறைக்குப் போய்வந்தால் இருக்கையைக் கிருமிநாசினி ஊற்றித் தேய்ப்பேன், ராத்திரி இரண்டு மணியானாலும். நாலு வயது மகள் மடியில் ஏற வந்தால் "அப்பாவுக்கு முதுகு வலிக்குதுடா" என்று நகர்ந்துவிடுவேன். அம்மா ரெண்டு நாள் பார்த்துவிட்டு, "என்னடா, புதுசா இவ்வளவு சுத்தம்?" என்றாள்.

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. ஆண்குறியின் அடிப்பக்கம், தோல் நிறத்தில், கடுகளவில் மூன்று மரு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. நன்றாகத் தெரியட்டுமே என்று முடியை மழித்துப் பார்த்தேன். சில வாரங்களில் ரேசர் போன தடத்திலேயே நாலைந்து புதிதாக முளைத்தன. அப்புறமாவது மருத்துவரிடம் போயிருக்கலாம். வெட்கம். கால் ஆணிக்குப் போடுகிற சாலிசிலிக் அமிலத்தை வாங்கித் தடவினேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கை, கால் மருவுக்கான மருந்து அந்த இடத்துத் தோலுக்கு ஆகாது. வெந்து புண்ணாகி, காலை அகட்டி நடக்கிற நிலைமையில்தான் தோல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன்.

பார்த்ததுமே "பிறப்புறுப்பு மரு" என்றார். எச்.பி.வி. என்ற வைரஸ் தருவது. அதில் எத்தனையோ வகைகள் உண்டு. இந்த மருவில் பத்துக்கு ஒன்பது, 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருவது. புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் 16, 18 வேறு. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. மகளுக்கு ஒட்டிவிடுமா என்று கேட்டேன். துண்டு, சோப்பு, கிருமிநாசினிக் கதை முழுவதையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் சரி. மனைவிகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, அந்த மூன்று வாரத்துக்குள் ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டுச் சேர்ந்தும் இருந்தோம். கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலுக்கு நாலு பூட்டுப் போட்டிருக்கிறேன்.

இது பரவுவது உடலுறவில், தோலோடு தோல் உரசும்போது. மடியில் உட்கார்வது, கட்டிக்கொள்வது, ஒரே தட்டில் சாப்பிடுவது, எல்லார் துணியையும் ஒன்றாகத் துவைப்பது, இவற்றால் வராது. கழிப்பறை இருக்கையால் வந்தது என்று சொல்ல நம்பும்படியான சான்று இல்லை. வைரஸ் என்னவோ முரடுதான். உலர்ந்தாலும் சட்டென்று சாகாது, சானிடைசரில் இருக்கும் ஆல்கஹாலுக்கும் அவ்வளவாக மசியாது. அதனால் ஈரத் துண்டு, ரேசர், உள்ளாடை மூன்றையும் பகிராமல் இருங்கள், மருந்து தடவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள் என்றார். அவ்வளவுதான். துண்டை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரலாம். கையில் இருக்கும் சாதாரண மரு அந்த இடத்துக்குப் போவதும் உண்டு. ஆனால் ஒரு குழந்தைக்கு அங்கே மரு தெரிந்தால், குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தார்களா என்பதையும் பார்த்தாக வேண்டும்; மானம் போய்விடும் என்று மூடி மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை. ஆனாலும் அன்று அதைக் கேட்டபோது கை சில்லிட்டது.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். பாதி வாக்கியத்திலேயே அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

நியாயமான கேள்வி. பதில்தான் யாரிடமும் கிடையாது. தொற்றிய பிறகு மரு வெளியே தெரிய மூன்று வாரமும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம், சிலருக்கு வருடக்கணக்கிலும் ஆகும். மருவே வராமல் வைரஸை மட்டும் சுமப்பவர்கள்தான் அதிகம். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு உறவு இருந்தது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாருமில்லை என்றேன். நம்பினாளா என்று நான் இங்கே எழுதுவது சரியில்லை. ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கும் டாக்டரைப் பார்க்கணும், நீங்க வரவேண்டாம்" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தென்படவில்லை. கர்ப்பமா, அப்படி யோசனை உண்டா என்று கேட்டார்களாம். கர்ப்பத்தில் மரு பெரிதாகலாம், சில மருந்துகளைத் தொடவும் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை வழக்கமாகச் செய்கிற இடைவெளியில் செய்தால் போதும், இதற்காகக் கூடுதலாக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனக்குத் திரவ நைட்ரஜன் வைத்து உறையவைத்தார்கள். ஊசி குத்துகிற மாதிரி சுரீர் என்றது, பிறகு கொப்புளம். ஒரு தடவையில் முடியவில்லை, மூன்று தடவை ஆனது. ரெண்டு மாதம் கழித்து ரெண்டு மரு திரும்ப வந்தது. அது வழக்கம்தானாம், மருவை எடுக்கலாம், வைரஸை எடுக்க மருந்தில்லை, பெரும்பாலோருக்கு ரெண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். அந்த ரெண்டுக்கு இமிக்விமோட் களிம்பு. வாரத்தில் மூன்று ராத்திரி தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். அந்தக் களிம்பு ஆணுறையை நைந்துபோகச் செய்யும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆணுறை மூடாத தோலிலும் வைரஸ் இருப்பதால் அது முழுக் காப்பும் இல்லை. மரு இருக்கும்வரை விலகியே இருந்தோம், மறைந்த பிறகும் சில மாதம் ஆணுறை போட்டோம்.

ஏற்கெனவே வந்துவிட்ட மருவைத் தடுப்பூசி போக்காது. ஆனால் 6, 11 இரண்டும் அடங்கிய ஊசியைப் பிள்ளைகளுக்கு உரிய வயதில் போட்டால் இந்தத் தொல்லையே வராமல் பண்ணலாம். 2007இல் ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பெண்களுக்கு அதைப் போடத் தொடங்கினார்கள். நாலைந்து வருடத்தில் 21 வயதுக்குட்பட்ட பெண்களிடம் இந்த மரு அபூர்வமாகிவிட்டது. 9 வயதிலிருந்து போடலாம். மகளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. மனைவி இப்போதே அவள் போனில் அந்தத் தேதியைக் குறித்துவைத்துவிட்டாள்.