கல்லடி வீட்டு முற்றத்தில் ஒட்சிசன் சென்சர் மாற்றிய அனுபவம்

எனது சிறிய காரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு முதன்முதலாக எரிந்தபோது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி வழக்கம்போலவே ஓடியது. பெற்றோல் மட்டும் விரைவாகத் தீர்ந்தது. மட்டக்களப்பு கல்லடியிலிருந்து பாலம் கடந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் நாட்களில் லீற்றருக்கு 10 கிலோமீற்றரைக்கூடத் தொடாத அதே கார், தூரத்திலுள்ள கல்முனைக்குப் போய்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி 15 கிலோமீற்றர் ஓடியது. இந்த முரண்பாடுதான் என்னைக் குழப்பியது.

முதலில் கொண்டுபோன கராஜில் பிளக்குகளையும் எயார் பில்டரையும் மாற்றினார்கள். மூன்று நாள் அணைந்திருந்த விளக்கு நான்காம் நாள் மீண்டும் எரிந்ததும், புகைபோக்கியில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்ட பிறகு, எதனால் இப்படி ஆகிறது என்பதை நானே அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

காரின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடுகளை வாசிக்கும், கைப்பேசியுடன் புளூரூத் மூலம் இணையும் ஓபிடி கருவி ஒன்றை மச்சானிடம் இரவல் வாங்கி, ஸ்டியரிங்கின் கீழுள்ள துளையில் செருகிப் பார்த்தேன். பி0135 என்ற குறியீடு வந்தது. வினையூக்கி மாற்றிக்கு முன்னாலுள்ள ஒட்சிசன் சென்சரின் சூடாக்கிச் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். அந்த ஒரு வரியில் கல்முனைப் புதிரும் அவிழ்ந்துவிட்டது. இந்தச் சென்சர் ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனை அளந்து சொல்லும். உள்ளேயிருக்கும் சூடாக்கி அந்த வெப்பத்தை ஒரு நிமிடத்துக்குள் கொடுத்துவிடும். சூடாக்கி செத்துவிட்டால், வெளியேறும் புகையே அதைச் சூடாக்கும்வரை கணினி உத்தேசமாகவே பெற்றோலை ஊற்றும், அதுவும் சற்றுத் தாராளமாக. எங்கள் பள்ளிக்கூடப் பயணமோ அதற்குள் முடிந்துவிடும்.

ஆயினும் குறியீடு சுற்றைத்தான் குறை சொல்கிறதே தவிர, சென்சரையே குற்றவாளியாக்கவில்லை. ஆகவே உடனே கடைக்கு ஓடாமல் முதலில் பியூசைப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது. கனெக்டரைக் கழற்றினால் ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக உப்புக்காற்றில் வாழும் எங்களுக்கு அது புதினமல்ல. துப்புரவாக்கி மாட்டியும் மறுநாளே குறியீடு திரும்பியதால் மல்டிமீற்றரை எடுத்தேன். வயர்ப் பக்கத்தில், சாவியைத் திருப்பியதும் 12 வோல்ற்று வந்தது. சென்சர்ப் பக்கத்தில் ஒரே நிறமான இரண்டு வயர்களும் சூடாக்கிக்கு உரியவை. அவற்றுக்கிடையே சில ஓம்களாவது காட்ட வேண்டிய மீற்றர் எதையும் காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

கடையில் கனெக்டர் இல்லாத மலிவான சென்சர் ஒன்றையும் காட்டினார்கள். பழைய கனெக்டரை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். புகையுடன் ஒப்பிடுவதற்கு வேண்டிய வெளிக்காற்றைப் பல சென்சர்கள் தங்கள் வயர்களின் வழியாகவே எடுக்கின்றன. அங்கே ஈயம் வைத்தாலோ கிரீஸ் பூசினாலோ அந்த மூச்சு அடைபட்டுவிடும். எனவே கனெக்டருடன் வரும், என் காருக்கே பொருந்தும் சென்சரை வாங்கினேன்.

கழற்றுவதுதான் உண்மையான போராட்டம். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தேன். காலையில் என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் அணைத்து, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றினேன். சாதாரண 22 மில்லிமீற்றர் ஸ்பனர் வழுக்கி நட்டின் மூலைகளைத் தேய்க்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். வேடிக்கை பார்க்க வந்த அயல்வீட்டு மாமாதான் வழி சொன்னார்: “எறியப்போற சாமான்தானே தம்பி, வயரை வெட்டிப்போட்டு றிங் ஸ்பனரை மேலால விடுங்க.” புதியதன் கனெக்டர் பழையதோடு ஒத்திருப்பதைச் சரிபார்த்த பின் வயரை வெட்டி, மாமாவின் றிங் ஸ்பனரில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி நீட்டி அழுத்தியதும், “டக்” என்ற ஓசையுடன் அது இளகியது. மரை அறுந்துவிட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது, இல்லை.

பூட்டுவது சுலபம். புதியதன் மரையில், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கான பசை ஏற்கெனவே பூசப்பட்டிருந்ததால் நான் எதுவும் பூசவில்லை. நுனியில் விரலும் படவிடவில்லை. கையாலேயே கடைசிவரை திருகி, பின்னர் ஸ்பனரால் அளவாக இறுக்கி, வயர் சூடான குழாயில் படாதபடி பழைய கிளிப்பில் மாட்டினேன்.

குறியீட்டை அழித்து வண்டியை எடுத்தபோது, கைப்பேசித் திரையில் முன் சென்சரின் வோல்ற்றளவு 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கியது. சென்சர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், அதுவும் வீட்டு ஒழுங்கையைத் தாண்டுவதற்கு முன்பே. அடுத்த வாரப் பள்ளிக்கூட ஓட்டத்தில் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் கிடைத்தது. வினையூக்கி மாற்றிக்குப் பின்னாலுள்ள இரண்டாவது சென்சரின் சூடாக்கியையும் அன்றே அளந்தேன். அது 12 ஓம் காட்டியதால் அதைத் தொடவில்லை.