காந்தல் பனியில் உள்சுவருக்குப் பெயின்ட்

பொங்கலுக்குள் முன்னறைக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எனக்கும் பத்து நாள் லீவு கிடைத்தது. பக்கத்து வீட்டு அண்ணன் இருபது வருடமாகப் பெயின்டர். "மார்ச் வரைக்கும் பொறு தம்பி, மழையில சுவரு குடிச்ச தண்ணி இன்னும் எறங்கல" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது.

வீடு ஊட்டி காந்தலில், தெருவின் தாழ்வான முனையில். ஜனவரியில் விடியும்போது வாசல் புல் வெளுத்துக் கிடக்கும்.

ஜனவரி 2. அண்ணன் சொன்னபடி நாலு சுவரிலும் ஒரு முழம் அளவு பாலிதீன் தாளை டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் மூன்று சுவரில் தாளின் உள்பக்கம் காய்ந்திருந்தது. பின்சுவரில் மட்டும் உள்பக்கம் முத்து முத்தாக நீர். அந்தச் சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கிறது, ஓதம் பின்னாலிருந்து வருகிறது. அதன் மேல் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் உள்சுவர்ப் பெயின்ட், அடித்தால் கொப்பளித்து உரியும். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 3 முதல் 6 வரை பூஞ்சணத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்தது, குழிகளை அடைக்கப் பட்டி பார்த்தது, 180 நம்பர் உப்புத்தாள் தேய்த்தது, அடிப்பூச்சாகப் பிரைமர். கீழே கோயம்புத்தூரில் சில மணி நேரத்தில் காயும் பட்டி இங்கே முழுதாக ஒன்றரை நாள் எடுத்தது.

ஜனவரி 7. முதல் கோட். ஒரு சுவர் மிச்சம் இருக்கும்போதே மணி நாலரை. முடித்துவிடலாம் என்று அடித்தேன், அதுதான் தப்பு. காலையில் அந்தச் சுவர் முழுக்கப் பிசுபிசுப்பாகப் பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. பார்த்ததும் நெஞ்சு கனத்தது.

அண்ணன் வந்து விளக்கினார். எமல்ஷனில் இருப்பது நீரில் மிதக்கும் பிசின் துகள்கள். நீர் வற்றும்போது அவை இளகி ஒன்றோடொன்று ஒட்டினால்தான் தோல் பிடிக்கும். அதற்குச் சுவரில் பொதுவாக 10 டிகிரியாவது சூடு வேண்டும். வெயில் இறங்கியதும் சுவர் சில்லிட்டு, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. காயாத பெயின்டிலிருந்து சோப்பு போன்ற கலவைப் பொருளை அந்த ஈரம் இழுத்துக்கொண்டு வழிகிறது. நல்லவேளை, தோல் கெடவில்லை. இரண்டு நாள் காயவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைத்ததும் கோடுகள் போய்விட்டன.

அறையைச் சூடாக்கக் கேஸ் அடுப்பை வைக்கலாமா என்று யோசித்தேன். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ நீராவி அறைக்குள் வருமாம். ஈரத்தைப் போக்க ஈரத்தையே கொண்டுவருவதா! கரியடுப்பு அதைவிட மோசம். மூடிய அறையில் அதன் புகை உயிரையே எடுத்துவிடும். கடைசியில் மின்சார ஹீட்டரைச் சுவரில் நேராகப் படாமல் நடு அறையில் வைத்து, ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தேன்.

ஜனவரி 11. இரண்டாவது கோட். காலை எட்டு மணிக்கு அறையில் 9 டிகிரி. பதினொன்றுக்கு 15 ஆனபிறகுதான் ரோலரைத் தொட்டேன், ஒன்றரைக்கு நிறுத்திவிட்டேன். தண்ணீரும் வழக்கத்தைவிடக் குறைவாகவே கலந்தேன். மிச்ச டப்பாவைத் திண்ணையில் விடாமல் சமையலறையில் வைத்தேன். உறைந்தால் எமல்ஷன் தயிராகத் திரிந்துவிடும்.

போகிக்கு முந்தைய நாள் மூன்று சுவரும் சந்தன நிறத்தில் வழவழப்பாக நின்றன. அம்மா உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

பின்சுவருக்கு ஏப்ரலில், வெளியே மண்ணை ஒரு அடி வெட்டி நீர் ஓட வழி செய்தபிறகு, சுண்ணாம்புதான் அடிக்கப் போகிறேன். ஓதம் அதன் வழியே மூச்சு விட்டுப் போகும் என்கிறார் அண்ணன். அதுவரை அங்கே அலமாரியைச் சாய்க்காமல் நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறோம்.