இப்போதைக்கு மருந்து வேண்டாம்

ரத்த தானம் செய்த பிறகு ரத்த வங்கியிலிருந்து போன். "ஒருமுறை நேரில வாங்க சார்." போனால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பாசிட்டிவ். கண்ணில் மஞ்சள் இல்லை, பசி குறையவில்லை, உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது.

கல்லீரல் மருத்துவர் முதலில் கேட்டது, "அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?" பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடுமாம். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் நூற்றில் சுமார் 90 குழந்தைகளுக்கு அது தங்கிவிடும். எடுத்துப் பார்த்தோம். அம்மாவுக்கும் இருந்தது, அண்ணனுக்கும் இருந்தது.

அப்புறம் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., பிறகு ஃபைப்ரோஸ்கேன். வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொல்லி, விலா இடுக்கில் ஒரு கருவியை அழுத்தினார்கள். யாரோ விரலால் சுண்டுவது போல டொக் டொக் என்று சில அடிகள், அவ்வளவுதான். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். எனக்கு இறுகவில்லை, வைரஸும் குறைவு.

"இப்போதைக்கு மருந்து வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க."

நோய் இருக்கிறது, மருந்து இல்லை என்பதை ஏற்பதுதான் கஷ்டமாக இருந்தது. டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடக்கும், முழுசாக அழிப்பது அபூர்வம். ஆரம்பித்தால் பல வருடம் போடவேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது என்று விளக்கினார். மருந்து இல்லை என்பதற்காக ஆறு மாத ஸ்கேனைத் தள்ளிப்போடவும் முடியாது. இந்த வைரஸ் கல்லீரல் தழும்பேறிச் சுருங்காதவர்களுக்கும் புற்றுநோய் கொண்டுவரலாம்.

வீட்டில் வேறு கதை. அத்தை கீழாநெல்லியோடு வந்தார். சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் கீழாநெல்லி இந்த வைரஸை விரட்டும் என்று நம்பிக்கையாக எழுதியது உண்மைதான். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அத்தையிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

என் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்ததுதான் அதைவிட வலித்தது. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் முக்கிய வழிகள். தனியாக வைக்க வேண்டியது ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி. மனைவிக்கு நெகட்டிவ் வந்ததும் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி போட்டு, ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தேவையான 10 என்ற அளவுக்கு மேல் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

அண்ணனுக்கு வைரஸ் அதிகம், எஸ்.ஜி.பி.டி.யும் ஏறியிருந்ததால் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. என் அடுத்த ஸ்கேன் தை மாதத்தில்.