வேலூர் வெயிலில் லெப்பர்ட் கெக்கோ: ஹீட் மேட் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லிக்குக் கண்ணாடித் தொட்டி, தரைக்கு ஓடு, ஒளிந்துகொள்ள இரண்டு மண்சட்டி, எல்லாம் ஒரே நாளில் தயார். வினை, தொட்டிக்கு அடியில் வைத்துச் சூடாக்கும் மின்விரிப்பான ஹீட் மேட்டில் வந்தது.

"தெர்மோஸ்டாட் வேண்டாம் சார், சூடானா தானா நின்னுடும்" என்றார் கடைக்காரர். நிற்காது, நம்பாதீர்கள்; குறித்த சூட்டில் மேட்டை நிறுத்தும் கருவிதான் தெர்மோஸ்டாட். காட்பாடியில் எங்களுடையது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை. "இந்த வெயில் பத்தாதுன்னா ஹீட்டர் வைக்கிற?" என்று அம்மா அன்றைக்கே கேட்டார். அவர் கேட்டதுதான் சரி.

கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி 32 காட்டியது. அது காற்றின் சூடு. கெக்கோ படுப்பதோ தரையில். மூன்றாம் நாள் மூலையில் வாயைத் திறந்தபடி கிடந்தது, வயிற்றில் சிவந்த திட்டு. கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை பொருளின் மேற்பரப்பை அளக்கும் சர்ஃபேஸ் மோடுக்கு மாற்றித் தரை ஓட்டின் சூட்டை அளந்தேன். 43 டிகிரி! சூடான பக்கத் தரை 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 போல இருந்தால் போதும்.

டப்பாவில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, "நாய், பூனை, மாடுதான் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். கத்திரி வெயிலில் அதைத் திரும்பத் தூக்கி வந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. பல்லி, ஆமை பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடைசியில் சென்னை டாக்டர் ஒருவர் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துக் களிம்பு சொன்னார்.

அப்புறம், கோழிமுட்டை இன்குபேட்டருக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்டினேன். சென்சாரை மேட்டுக்கும் தொட்டியின் அடிக்கண்ணாடிக்கும் நடுவில் வைத்தேன். உள்ளே வைத்தால் கெக்கோ இழுத்துத் தள்ளிவிடும், மேட் ஓயாமல் சூடாகிக்கொண்டே இருக்கும். உள்ளே டேப் போட்டும் ஒட்டாதீர்கள், அதில் ஒட்டிக்கொண்டால் கெக்கோவின் தோல் பிய்ந்துவிடும். திரையில் வரும் எண்ணோடு விடாமல், ஓட்டின் மேலும் அளந்து பாருங்கள்.

மே மாதம் முழுக்க மேட்டுக்கு வேலையே இல்லை, குளிர்விப்பதுதான் பாடு. பல்லிக்கு வியர்க்காது, அதனால் வெறும் ஃபேன் காற்று உதவாது. தொட்டியைக் கீழ்வீட்டுக்கு இறக்கித் தரையில் வைத்தேன். பிற்பகலில், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த பக்க வலைமூடியின் மேல் வைப்பேன். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கரண்ட் போகும் நாளுக்காக ஃப்ரீசரில் எப்போதும் நான்கு பாட்டில் இருக்கும்.

நேற்று ராத்திரி தோலுரித்து, அந்தத் தோலையும் தின்று முடித்தது. வயிற்றில் திட்டு இல்லை.