"இப்போ" என்றால் எப்போ? ஏ.ஐ. உதவியாளருக்கு நிலநடுக்கத் தரவு கொடுத்துப் பார்த்தது

மூன்று வாரமாக மல்லுக்கட்டி, நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் என் ஏ.ஐ. உதவியாளர் முதல் தடவையாகச் சரியான மணி சொன்னது. "ஜப்பானில் இன்றைக்கு ஏதாவது ஆடியதா?" என்று தமிழில் கேட்டேன். நம் நேரம், ஜப்பான் நேரம், எத்தனை நிமிடத்துக்கு முன் என்று மூன்றையும் பிசகில்லாமல் சொன்னது. அந்த மூன்று எண்ணுக்குத்தான் மூன்று வாரம்.

ஏன் இந்த வேலை என்றால், தம்பி ஜப்பானில், டோக்கியோவை ஒட்டிய சிபாவில் இருக்கிறான். டி.வி.யில் "ஜப்பானில் நிலநடுக்கம்" என்று ஒரு வரி ஓடினால் போதும், அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும். "டேய், அவன் போனை எடுக்கமாட்டேங்கிறான், நீ என்னன்னு பாரு." அவன் ரயிலில் இருப்பான், எடுக்கமாட்டான். ஹொக்கைடோவில் ஆடியதற்கும் சிபாவுக்கும் சம்பந்தமே இருக்காது. இதை ஒவ்வொரு தடவையும் நான் தேடிப் பார்த்துச் சொல்வதற்குப் பதில், அம்மாவே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஆரம்பித்ததுதான்.

தரவு அமெரிக்க நிலவியல் ஆய்வகம், அதாவது யு.எஸ்.ஜி.எஸ். தருவது. காசில்லை, கீ வாங்கவும் வேண்டாம். நடுவில் பைதானில் ஒரு சின்ன எம்.சி.பி. சர்வர், அதாவது வெளியிலுள்ள தரவை உதவியாளர் கேட்டு வாங்க வழிசெய்யும் நிரல். இணைப்பதைப் பற்றி எழுதப்போவதில்லை, அது அரை மணி நேர வேலை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஸ்டேண்டர்ட் அவுட்புட் (நிரல் தன் பதிலை எழுதும் குழாய்) வழியாக ஓட்டுகிறவர்கள் தப்பித் தவறியும் உள்ளே பிரிண்ட் வைக்காதீர்கள். உதவியாளருக்குப் போகும் ஜேசனும் (தரவை எழுதும் ஒரு வடிவம்) அதே குழாயில்தான் போகிறது. "இங்கே வந்துவிட்டது" என்று நான் வைத்த ஒரு வரி நடுவில் புகுந்து, இணைப்பு அறுந்து அறுந்து போனது. லாக் எல்லாம் ஸ்டேண்டர்ட் எரர் பக்கம் போகவேண்டும். இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் ஒரு சாயங்காலம் போயிற்று.

சரி, நேரத்துக்கு வருகிறேன்.

யு.எஸ்.ஜி.எஸ். நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய மில்லி விநாடியாகத் தருகிறது. பதின்மூன்று இலக்கம். நான் சோம்பேறித்தனமாக வந்த ஜேசனை அப்படியே உதவியாளரிடம் தள்ளிவிட்டேன். இவ்வளவு கெட்டிக்காரன், ஒரு கூட்டல் கழித்தல் தெரியாதா என்ற நினைப்பு. தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாலாவது பரவாயில்லை, கூசாமல் ஒரு நேரத்தைச் சொல்கிறது. ஒரே எண்ணை மூன்று தடவை கொடுத்தேன். ஒரு தடவை சரியாக வந்தது, ஒரு தடவை ஒரு மணி நேரம் தள்ளி, ஒரு தடவை நாளே மாறி. மூன்று தடவையும் அதே தெனாவட்டு.

அதனால் மாற்றுவதை சர்வரிலேயே செய்துவிட்டேன். விநாடி, மில்லி விநாடி குழப்பத்தில் முதலில் ஆயிரத்தால் வகுக்க மறந்து பைதான் ஆண்டு எல்லை தாண்டியது என்று கத்தியது தனிக் கதை.

அடுத்த சிக்கல் "இன்றைக்கு". உதவியாளருக்கு இன்றைக்கு என்ன தேதி என்பது தானாகத் தெரியாது. என் டூல் (சர்வரில் உதவியாளர் கூப்பிடும் செயல்பாடு) "ஆரம்ப நேரம்" என்று ஒரு உள்ளீடு கேட்டது. அது தன் மனதில் இருந்த ஏதோ ஒரு தேதியைப் போட்டு அனுப்பியது. போன வருடத்துத் தேதி. ஒரு வருடத்து நிலநடுக்கம் மொத்தமும் வந்து விழுந்து, அதில் பெரியதை எடுத்து "இன்று" என்று சொன்னது. அம்மாவிடம் கொடுக்கும் முன் இது தெரியவந்தது என் அதிர்ஷ்டம்.

தேதியைத் தருகிறேன் என்று சர்வரில் "இன்று" என்பதை நானே கணக்குப் போட்டபோது வேறு வில்லங்கம். யு.எஸ்.ஜி.எஸ்.ஸிடம் வெறும் தேதியைக் கொடுத்தால் அது கிரீன்விச் நேரக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நமக்கு விடிந்து ஐந்தரை ஆனால்தான் அங்கே நாள் மாறும். இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை 2025 கம்சட்கா நிலநடுக்கத்தை வைத்துச் சோதித்தபோதுதான் உறைத்தது. 8.8 அளவு, எண்ணத் தொடங்கிய காலத்திலிருந்து மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆடியது கிரீன்விச் கணக்கில் ஜூலை 29 இரவு 23:24:52. கம்சட்காவில் அப்போது ஜூலை 30 காலை பதினொன்றரை நெருங்கிவிட்டது. நமக்கு ஜூலை 30 விடிகாலை 4:54. "ஜூலை 30 அன்று கம்சட்காவில் என்ன நடந்தது?" என்று கேட்டேன். பின்னதிர்வுகளை வரிசையாக வாசித்தது, தலைவரைக் காணோம்! கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும் வந்த மாதிரி.

நேர மண்டலத்தையும் சேர்த்து அனுப்பலாம், கூட்டல் குறி போட்டு 05:30 என்று. நான் இணைய முகவரியைக் கையால் ஒட்டவைத்துக் கட்டியிருந்தேன். முகவரியில் கூட்டல் குறி போனால் அது இடைவெளியாகப் படிக்கப்படும் என்பது எனக்கு 2009-லேயே தெரியும், அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. முகவரியை லைப்ரரியிடம் விட்டிருந்தால் அதுவே சரியாக மாற்றியிருக்கும். கடைசியில் எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் கிரீன்விச் நேரமாக மாற்றிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இப்போது டூல் இரண்டாக இருக்கிறது. ஒன்று "கடந்த எத்தனை மணி நேரம்" என்று ஒரு எண் மட்டும் கேட்கும். உதவியாளர் தேதி பக்கமே போகமுடியாது. பழைய சம்பவங்களுக்கு இன்னொன்று, அதில் இந்தியத் தேதி கொடுத்தால் அந்த நாளின் தொடக்கமும் முடிவும் உள்ளே கணக்காகும். திருப்பித் தரும் பதிலில் நேரம் எண்ணாக இல்லை, முழு வாக்கியமாகவே போகிறது. உதவியாளருக்குக் கழிக்க எதுவும் மிச்சம் வைக்கவில்லை. கம்சட்காவைத் திரும்பக் கேட்டேன், விடிகாலை 4:54 என்று வந்தது. எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், ஒரு நாள் "பத்து நிமிடத்துக்கு முன் நிலநடுக்கம்" என்றது. போய்ப் பார்த்தால் மூன்று வாரம் பழையது. ஒவ்வொரு பதிவிலும் "டைம்" என்று ஒன்று, "அப்டேட்டட்" என்று ஒன்று இருக்கிறது. பின்னது யாரோ அந்தப் பதிவைத் திருத்திய நேரம். இரண்டையும் அனுப்பியது என் தப்பு. ஆனால் திருத்தத்தைத் தூக்கியெறியவும் முடியாது. கம்சட்கா முதலில் 8.0 என்று வந்து, 8.7 ஆகி, பிறகுதான் 8.8-இல் நின்றது. முதல் சில நிமிடத்தில் வருவது இயந்திரக் கணக்கு, பிறகு ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள். அதனால் இப்போது "நிலை: இயந்திரக் கணக்கு, மாறலாம்" அல்லது "ஆட்கள் சரிபார்த்தது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வந்த பதிலைச் சேமித்துக்கொள்ள நான் வைத்திருந்த கேஷைத் தூக்கிவிட்டேன். அது பழைய அளவையே பிடித்துக்கொண்டு தொங்கியது.

சுனாமி என்றும் ஒரு கட்டம் உண்டு, 0 அல்லது 1. அதையும் பதிலிலிருந்து வெட்டிவிட்டேன். 1 என்றால் கடல் பகுதியில் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், அலை வந்தது என்றோ வரும் என்றோ இல்லை. யு.எஸ்.ஜி.எஸ்.ஸே தன் விளக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உதவியாளர் அதைப் பார்த்ததும் "சுனாமி எச்சரிக்கை உள்ளது" என்று எழுதியது. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் நம் கரையில் அந்த வார்த்தையை யாரும் சும்மா சொல்லக்கூடாது. எச்சரிக்கை வேண்டுமானால் அதற்கென்று இருக்கிற அரசு மையங்களைப் பார்க்கச் சொல்லி டூல் விளக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

சின்னச் சின்ன எரிச்சல்கள் இன்னும் உண்டு. தரவில் முதலில் தீர்க்கரேகை, அப்புறம் அட்சரேகை, மூன்றாவது ஆழம். நான் மாற்றிப் படித்து, சோதனைக்குச் சென்னையை வைத்துப் பார்த்தபோது அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே பனிக்கடலில் போய் உட்கார்ந்தது. தமிழில் பதில் சொல்லும்போது எதையும் "ரிக்டர் அளவுகோலில்" என்றே சொல்வது அடுத்தது. பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது தருவது மொமெண்ட் அளவு என்ற வேறு கணக்கு. நம் செய்தித்தாள்களைப் படித்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்! "ரிக்டர் என்ற சொல் வேண்டாம்" என்று விளக்கத்தில் எழுதியும் ஐந்துக்கு ஒரு தடவை நழுவுகிறது.

வெற்றுப் பட்டியல் வந்தால் என்ன சொல்வது என்பதிலும் ஒரு திருத்தம் செய்தேன். சென்னையைச் சுற்றி ஏதாவது உண்டா என்று கேட்டால் "எந்த நிலநடுக்கமும் ஏற்படவில்லை" என்று அடித்துச் சொன்னது. யு.எஸ்.ஜி.எஸ். அமெரிக்காவுக்கு வெளியே சின்ன அதிர்வுகளையெல்லாம் சேர்ப்பதில்லை. கலிபோர்னியாவில் ஒன்றரை அளவுக்கு ஆடினாலும் இருக்கும், கல் குவாரி வெடிகூட இருக்கும், நம் ஊர் மூன்று அளவு இல்லாமல் போகலாம். நம் பக்கத்துக்கு டெல்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையம்தான் சரி. இப்போதைக்கு "இந்தப் பட்டியலில் பதிவாகவில்லை" என்று சொல்ல வைத்திருக்கிறேன்.

ஆனால் தம்பி விஷயத்துக்கு இதெல்லாமே சுற்றுவழி என்று இப்போதுதான் புரிகிறது. அம்மாவுக்குத் தேவை நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்பதல்ல, சிபாவில் எவ்வளவு ஆடியது என்பது. ஜப்பானில் அதற்கு ஷிண்டோ என்று தனி அளவு. 0 முதல் 7 வரை, 5-உம் 6-உம் மட்டும் மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிந்து மொத்தம் பத்துப் படி. ஜப்பான் வானிலை முகமையின் அறிவிப்பை உடனுக்குடன் தருகிற பி2பி என்ற தன்னார்வச் சேவையை நோண்டிப் பார்த்தேன். வெப்சாக்கெட் இருக்கிறது, நாம் போய்ப் போய்க் கேட்கவேண்டாம், அதுவே சொல்லும். ஊர் ஊராக அளவும் வருகிறது. ஆனால் அதில் ஷிண்டோ 4 என்பது 40 என்று வரும், 5-இன் கீழ்ப்படி 45, மேல்படி 50, 6-இன் கீழ்ப்படி 55. உதவியாளர் 45-ஐப் பார்த்து "4.5 ரிக்டர்" என்றது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அட்டவணையையும் சர்வரிலேயே மாற்றிக் கொடுக்கவேண்டும், பாதி எழுதியிருக்கிறேன்.

வெப்சாக்கெட் கேட்டுக்கொண்டே இருக்க ஏதாவது ஒரு பெட்டி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி, பழையது ஒன்று பரணில் கிடந்தது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் 64 ஜி.பி. மெமரி கார்டு வாங்கிப் போட்டேன். நான்கே நாள். ஐந்தாம் நாள் எழுத மறுத்துவிட்டது. கடைக்காரர் "உங்க போர்டுதான் சார் பிரச்சனை" என்று சத்தியம் செய்கிறார். பழைய 16 ஜி.பி. கார்டு அதே போர்டில் நன்றாக ஓடுகிறது, இடம்தான் போதவில்லை.

இதற்கு நடுவில் ராஸ்பெர்ரி ஷேக் விலையையும் பார்த்துவிட்டேன், பார்த்திருக்கக்கூடாது. பையின் மேல் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் என்ற அதிர்வு உணரியோடு உட்காரும் சின்ன நிலநடுக்கமானி. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா கடலில் 8.6 ஆடியபோது சென்னையில் ஆபீஸ் நாற்காலி வழுக்கிய மாதிரி இருந்தது, எல்லோரும் படியில் இறங்கி ஓடினோம். அதை ஒரு கோடாகப் பார்க்கவேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை. மூன்றாம் மாடி வாடகை வீட்டில், கீழே தண்ணீர் லாரி வந்து நிற்கிற தெருவில், அது என்னத்தைக் காட்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். தண்ணீர் லாரி வரும் நேரமாவது சரியாகத் தெரியும்.

ஷிண்டோ அட்டவணை இந்த வாரம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை புது கார்டு வாங்கவேண்டும், வேறு கடையில்.