முன்பல்லுக்குப் போனோம், பின்பல்லைப் பார்த்தார்கள்

மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது, கீழ்ப் பாற்பற்கள் விழுவதற்கு முன்பே அவற்றின் பின்னால் இரண்டு புதுப் பற்கள் முளைத்துவிட்டன. வாயைத் திறந்தால் இரட்டை வரிசை. நூல் கட்டி இழுத்துவிடச் சொன்னார் மாமி. உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் ஆளுக்கொரு வைத்தியம்.

பள்ளிக்கூடப் பல் கிளினிக்கில் மிஸ் அந்தப் பாற்பற்களை விரலால் ஆட்டிப் பார்த்தார். தானாக விழும், பின்னால் நிற்பவற்றை நாக்கே முன்னுக்குத் தள்ளும் என்றார். அப்படியே நடந்தது. ஆனால் முன்னுக்கு வந்தவற்றுக்கு இடம் போதவில்லை. பஸ் சீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி ஒன்று சரிந்து நின்றது. துண்டு எழுதி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே டொக்டர் முன்பல்லை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு கண்ணாடி போனது கடைவாய்ப் பக்கம். இரண்டாவது பாற்கடைவாய்ப் பல்லில் சூத்தை.

"விழப்போற பல்தானே டொக்டர், பிடுங்கிவிடுங்கோவன்" என்றேன்.

"பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் நிற்கவேண்டிய பல் அம்மா" என்றார். ஆறு வயதையொட்டி அதற்குப் பின்னால் முளைக்கும் பெரிய பல் நிரந்தரப் பல். முன்னாலுள்ளதைப் பிடுங்கினால் அது அந்த இடத்துக்குள் சரிந்துவிடும். அடியில் காத்திருக்கும் பல்லுக்கு வழியிருக்காது. நெருக்கம் இன்னும் கூடும். சூத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். பாற்கடைவாய்ப் பற்களைவிட, அவற்றின் இடத்தில் வரும் பற்கள் அகலம் குறைந்தவை. அதனால் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மிஞ்சும். லேசான நெருக்கத்துக்கு அது பெரிய உதவி. தேவையென்றால் உட்பக்கமாக ஒரு கம்பி வைத்து அந்த இடத்தைக் காப்பாற்றலாமாம்.

காரணம் கேட்டேன். தாடை சிறிது, பல் பெரிது, பெரும்பாலும் பரம்பரை. கணவர் குடும்பத்துத் தாடை, எங்கள் வீட்டுப் பல் என்று நினைத்துக்கொண்டேன். மாமியிடம் சொல்லவில்லை.

பல்லை நேராக்கும் கம்பி இப்போது இல்லை. நிரந்தரப் பற்கள் வந்தபின், 12 வயதையொட்டிப் பார்க்கலாம் என்றார். அதுவரை கிளினிக்குக்கு வந்து காட்டவேண்டும். மேல் முன்பற்கள் நடுவே இடைவெளி விட்டு முளைத்தால் பதற வேண்டாம், வேட்டைப்பல் வரும்போது பெரும்பாலும் கூடிவிடும்.

நெருக்குப் பல்லின் இடுக்கில் அழுக்குத் தங்கும் என்பதால், பிரஷை நிமிர்த்திப் பிடித்து உட்பக்கமும் தேய்க்கச் சொன்னார். இரவில் அது என் வேலை. அவளிடம் விட்டால் முன்பக்கம் மட்டும்தான் பளபளக்கும்.